பள்ளியில் பிள்ளைகள் குறைகிறார்கள், தமிழ் வகுப்பு என்ன ஆகும்? கணக்கைப் பார்த்துப் பேசுவோம்

ரோஸ்ஹில்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். இங்கே மொரிஷியஸில் என் மகள் படிக்கிற அரசு பிரைமரி பள்ளியில் போன வாரம் பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்கம்) கூட்டம் நடந்தது. அடுத்த வருஷம் கிரேட் 1க்கு வந்திருக்கிற பதிவுகளைப் பற்றி ஹெட் மாஸ்டர் சொன்னார். கிரேட் 6ல் இரண்டு பிரிவு, கிரேட் 5லும் இரண்டு, அதற்குக் கீழே எல்லாம் ஒன்று ஒன்றுதான், அந்த ஒன்றிலும் கடைசி பெஞ்சுகள் காலி. வருகிற வருஷம் இன்னும் குறையுமாம்.

எனக்கு அதைவிடப் பெரிய கவலை தமிழ் எடுக்கிற பிள்ளைகள். கிரேட் 6 பிள்ளைகள் தமிழ்ப் பாடத்துக்கு வந்தால் ஒரு சின்ன அறை நிரம்புகிறது. கிரேட் 1 பிள்ளைகள் எல்லாரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார்ந்துவிடலாம். தமிழ் டீச்சர் இப்போதே வாரத்தில் சில நாள் வேறு பள்ளிக்குப் போய்விடுகிறார்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்து தமிழர்கள் எல்லாம் இந்த ஊரை விட்டுப் போய்விட்டார்கள் என்றார். இன்னொருவர் 2012ல், நாம் எல்லாரும் வீட்டில் பேசுகிற கிரியோல் மொழியையும் பாடமாகக் கொண்டுவந்ததிலிருந்துதான் இந்த நிலை என்றார். மூன்றாமவர் எல்லாரும் தனியார் பள்ளிக்கு ஓடுகிறார்கள் என்றார். ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள், யார் கையிலும் ஒரு தாள் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் எனக்குத் தெளிவாக வேண்டும். ஒரு பள்ளியில் எத்தனை பேர், யார் யார், எங்கிருந்து வருகிறார்கள் என்பதை எப்படிப் படிப்பது? ஹெட் மாஸ்டரிடம் எதைக் கேட்டு வாங்கலாம்? விஷயம் தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.


கரும்பலகை

தம்பி, நான் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவன். வடக்கிலும் போர்ட் லூயியிலும் பல பள்ளிகளில் வேலை பார்த்திருக்கிறேன். முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இந்த வருஷம் கிரேட் 1க்கு வருகிற பிள்ளை ஐந்து வருஷத்துக்கு முன்பே பிறந்தாகிவிட்டது. அதனால் இன்றைக்குக் குறைகிறது என்று யாரும் திடுக்கிட வேண்டியதில்லை, எத்தனை பேர் வரக்கூடும் என்பது அப்போதே தெரிந்த கணக்கு.

2000ல் இந்த நாட்டில் சுமார் இருபதாயிரம் குழந்தைகள் பிறந்தன. இப்போது வருஷத்துக்குப் பன்னிரண்டாயிரம் அளவில்தான். ஒரு பெண்ணுக்குச் சராசரியாக ஒன்றரைப் பிள்ளை என்பதே அரிதாகிவிட்டது. அந்தக் காலத்தில் நாடு முழுக்க பிரைமரியில் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல் படித்தார்கள், இன்றைக்கு எண்பதாயிரத்தை ஒட்டி நிற்கிறது. இது தமிழர், இந்தி பேசுகிறவர், முஸ்லிம், கிரியோல், சீனர் என்று பார்த்து வந்த குறைவு இல்லை. எல்லா வீட்டிலும் பிள்ளை குறைந்துவிட்டது. ஆகவே உங்கள் கூட்டத்தில் முதலில் பேசினவர் சொன்னது பாதிக்குக்கூட வராது.

இன்னொன்று. பழைய எண்ணிக்கையோடு ஒப்பிடும்போது, பிரைமரி முடிவில் எழுதின பழைய சிபிஇ பரீட்சையை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். அந்த நாளில் ஆறாம் வகுப்பில் தேறாத பிள்ளை திரும்பவும் அதே வகுப்பில் உட்காரும். ஆறாம் வகுப்பு எப்போதும் வீங்கியே இருக்கும். 2017ல் அதற்குப் பதிலாக பிஎஸ்ஏசி பரீட்சை வந்தது, தேறாதவர்கள் அப்படியே செகண்டரிக்குப் போய் நீட்டிக்கப்பட்ட திட்டம் என்ற தனி வகுப்பில் சேர்ந்தார்கள். அதனால் பழைய ஆறாம் வகுப்பையும் இப்போதைய ஆறாம் வகுப்பையும் பக்கத்தில் வைத்தால் விழுந்த அளவு உள்ளதைவிடப் பெரிதாகத் தெரியும். முதல் வகுப்பை முதல் வகுப்போடு மட்டும் ஒப்பிடுங்கள்.


திரியோலே_தம்பி

ஐயா மன்னிக்கணும், பிறப்பு குறைவு என்று சொல்லி நாம் தப்பிக்க முடியாது. எங்கள் ஊரில் தமிழ்க் குடும்பங்கள் அப்படியே இருக்கின்றன. பிள்ளைகளும் இருக்கிறார்கள், அதே பள்ளிக்குத்தான் போகிறார்கள். ஆனால் ஆப்ஷன் பாடத்துக்கு, அதாவது பெற்றோர் விருப்பப்படி தேர்ந்தெடுக்கிற மொழிப் பாடத்துக்கு, இந்தி எடுக்கிறார்கள், இல்லாவிட்டால் கிரியோல். கேட்டால் தோழி அங்கே போகிறாள், தமிழ் வகுப்பில் நாலு பேர்தான் என்கிறார்கள். நாலு பேர் இருக்கிறதனால் ஐந்தாவது பிள்ளை வருவதில்லை. இதை நான் கண்ணால் பார்க்கிறேன். பத்து பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் நாலு என்றால் அதில் பிறப்புக் கணக்குக்கு எவ்வளவு, பெற்றோர் அலட்சியத்துக்கு எவ்வளவு?


மொக்கா_மலர்

தம்பி கேட்ட கடைசிக் கேள்விதான் சரியான கேள்வி. நான் ஒரு அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறேன், எனக்குத் தெரிந்த மாதிரி பிரித்துச் சொல்கிறேன்.

பள்ளியில் தமிழ் எடுக்கிற பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்று இடத்தில் குறையலாம். ஊரிலேயே அந்த வயதுப் பிள்ளைகள் குறைந்திருக்கலாம். ஊரில் இருக்கிற பிள்ளைகள் வேறு பள்ளிக்குப் போயிருக்கலாம். இந்தப் பள்ளிக்கே வந்த பிறகு படிவத்தில் வேறு மொழியில் டிக் அடித்திருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. முதலாவதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது. மூன்றாவதற்கு நிறையச் செய்யலாம். எல்லாவற்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால் கோபம்தான் மிஞ்சும்.

இரண்டாவதை யாரும் சரியாகப் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். அரசுப் பள்ளியில் கிரேட் 1 சேர்க்கை கேச்மென்ட் முறையில் நடக்கிறது. வீடு எந்தப் பள்ளியின் எல்லைக்குள் இருக்கிறதோ அங்கே இடம். அத்தாட்சிக்கு கரண்ட் பில், தண்ணீர் பில். சிபிஇ காலத்தில் நல்ல ரிசல்ட் வருகிற ஸ்டார் பள்ளி என்று சில பள்ளிகளுக்குப் பேர் இருந்ததே, அந்த மோகத்தில் பாட்டி வீட்டு பில்லையும் மாமா வீட்டு பில்லையும் காட்டிச் சேர்த்தவர்கள் எத்தனையோ பேர். பரீட்சையில் பிள்ளைகளை வரிசைப்படுத்துகிற ரேங்கிங் போன பிறகு அந்த வெறி தணிந்தது, ஆனாலும் பழக்கம் போகவில்லை. இன்றைக்கு நிலைமை வேறு மாதிரி. இளம் தம்பதிகள் ரோஸ் ஹில், போ பாசென், போர்ட் லூயி மாதிரி பழைய இடங்களில் வீடு வாங்க முடியாமல் வடக்கிலும் ஃப்ளாக் பக்கத்திலும் மேற்கிலும் புது மோர்செல்மான்களுக்கு (மனை பிரித்து விற்ற குடியிருப்புகளுக்கு) போகிறார்கள். பழைய தெருவில் தாத்தா பாட்டி மட்டும் இருக்கிறார்கள். பள்ளிக் கட்டடம் தெருவோடு நின்றுவிட்டது, பிள்ளைகள் வேறு ஊரில் வளர்கிறார்கள்.

ஆகவே நகரத்துப் பள்ளி காலியாவதைப் பார்த்து நாடு முழுக்க இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரு பள்ளி இழந்ததில் ஒரு பங்கு இன்னொரு பள்ளியில் உட்கார்ந்திருக்கும். அந்த இன்னொரு பள்ளியில் தமிழ் டீச்சர் இருக்கிறாரா என்பதுதான் நாம் கேட்க வேண்டியது.


சமுத்திரா

நான் மதுரையிலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவள். எனக்கு ஒன்று புரியவில்லை அக்கா. பள்ளியில் எத்தனை தமிழ்ப் பிள்ளைகள் இருக்கிறார்கள் என்று நேரடியாகவே கேட்டு வாங்கிவிடலாமே? அவர்களில் எத்தனை பேர் தமிழ் எடுக்கிறார்கள் என்று பார்த்தால் விஷயம் முடிந்தது இல்லையா?


மொக்கா_மலர்

முடியாது சமுத்திரா. இங்கே இனவாரிக் கணக்கு கிடையாது. கடைசியாக மக்கள் தொகைக் கணக்கெடுப்பில் எந்தச் சமூகம் என்று கேட்டது 1972ல். 1982ல் அந்தக் கேள்வியையே எடுத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு மதம் கேட்கிறார்கள், வீட்டில் பேசுகிற மொழி கேட்கிறார்கள், அவ்வளவுதான். நம்மில் நிறையப் பேர் மதம் என்ற இடத்தில் தமிழ் என்றே எழுதுகிறோம், அது நூற்றுக்கு ஆறு பேர் அளவில் வருகிறது. வீட்டு மொழியைப் பார்த்தால் 2011லேயே நூற்றுக்கு எண்பது பேருக்கு மேல் கிரியோல்தான், தமிழ் என்று எழுதுகிறவர்கள் மிகக் குறைவு. இரண்டு தகவலும் உண்மை, இரண்டும் ஒரே வீட்டைப் பற்றியதாகவே இருக்கலாம்.

பள்ளியில் இதுகூடக் கேட்க மாட்டார்கள், கேட்கவும் கூடாது என்பது என் கருத்து. பிள்ளையின் மதத்தை வைத்து இடம் கொடுப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்று இந்த நாடு பார்த்திருக்கிறது. கத்தோலிக்க செகண்டரி பள்ளிகளில் பாதி இடத்தைக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு ஒதுக்கியதை 2004ல் லண்டனில் இருக்கிற நம் கடைசி மேல்முறையீட்டு நீதிமன்றமான பிரிவி கவுன்சில் பாகுபாடு என்று தீர்ப்புச் சொன்னது. ஒரு பிரைமரி பள்ளியில் பெயரைப் பார்த்து நீ தமிழ், நீ இல்லை என்று பிரிக்க ஆரம்பித்தால் என்ன ஆகும்? பெயரை வைத்துச் சொல்லவும் முடியாது. தமிழ்ப் பெயர் உள்ள எத்தனையோ குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் கத்தோலிக்கர்கள். கலப்புத் திருமணம் செய்த குடும்பங்கள் எத்தனை! பள்ளியில் நமக்கு முறைப்படி கிடைக்கக்கூடியது ஆப்ஷன் பாடத்தில் எத்தனை பேர் என்பது மட்டும்தான். அதுவும் பெற்றோர் செய்த தேர்வின் கணக்கு, வம்சத்தின் கணக்கு இல்லை.


மஹேபூர்_அம்மா

இத்தனை நாள் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றைக்கு எழுதியே ஆக வேண்டும். பெற்றோர் அலட்சியம் என்று தம்பி எழுதியிருக்கிறார். என் மகளுக்குக் கிரியோல் பாடம்தான் டிக் அடித்தேன். ஏன் என்று கேளுங்கள்.

பதிவு நாளில் பள்ளி முற்றத்தில் ஒரு மேசை, கிளார்க் உட்கார்ந்திருந்தார், எனக்குப் பின்னால் நீளமான வரிசை, வெயில் வேறு. பிறப்புச் சான்றிதழ், தடுப்பூசி அட்டை, கரண்ட் பில் எல்லாம் வாங்கிப் பார்த்தார். கடைசியில் தலையை நிமிர்த்தாமல் "கி லாங்?" (எந்த மொழி?) என்றார். அவ்வளவுதான். பேனா படிவத்தின் மேல் நிற்கிறது. நான் தமிழ் வகுப்பு எப்படி நடக்கும், டீச்சர் இருக்கிறாரா என்று கேட்டேன். இப்போது தெரியாது, ஆள் எண்ணிக்கையைப் பார்த்துத்தான் என்றார். என் கணவர் கிரியோல் சமூகத்தவர், கத்தோலிக்கர். வீட்டில் நாங்கள் பேசுவது கிரியோல். மாமியார் வீட்டில் யாருக்கும் தமிழ் எழுத்து தெரியாது. எனக்குத் தெரிந்தது அம்மா சொல்லிக் கொடுத்த தேவாரமும் கொஞ்சம் வாசிப்பும். டீச்சர் வருவாரா என்பதே தெரியாத ஒரு வகுப்புக்கு ஐந்து வயதுப் பிள்ளையை எழுதிக் கொடுக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை. அந்த அரை நிமிஷத்தில் கோவிலில் இருந்தோ சங்கத்தில் இருந்தோ யாராவது ஒருவர் பக்கத்தில் நின்று விவரம் சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன்.

கிரியோல் பாடம் நம் பிள்ளைகளைத் திருடிவிட்டது என்று பேசுவது எனக்கு வலிக்கிறது. அதுவும் என் மகளுடைய மொழிதான். அவள் தன் அப்பாவோடு பேசுகிற மொழி.


கரும்பலகை

அம்மா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். உங்கள் மேல் ஒரு குற்றமும் இல்லை. பதிவு மேசையில் நடப்பதை இவ்வளவு சரியாக யாரும் எழுதி நான் பார்த்ததில்லை.

தமிழ் வகுப்பு உள்ளே எப்படி நடக்கிறது என்பதையும் சொல்ல வேண்டும், பெற்றோருக்குத் தெரிவதில்லை. ஆப்ஷன் பாடவேளை வந்ததும் வகுப்பு பிரியும். மற்ற பாடங்களை எடுக்கிற வகுப்பாசிரியரான ஜிபி டீச்சரின் அறையில் பெரிய கூட்டம் தங்கிவிடும், மற்றவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டும். இந்திக்கு ஒரு அறை, உருதுவுக்கு ஒரு அறை. எண்ணிக்கை குறைந்த மொழிக்கு நூலகத்தில் ஒரு மூலை, சில பள்ளிகளில் மாடிப்படிக்குக் கீழே இருக்கிற இடம். நான் அப்படியும் பாடம் நடத்தியிருக்கிறேன். மழை வந்தால் சாரல் நோட்டில் விழும், பிள்ளைகள் நோட்டை மடியில் வைத்துக்கொண்டு எழுதுவார்கள். பிள்ளைகள் குறைவாக இருந்தால் கிரேட் 1ஐயும் 2ஐயும் சேர்த்துவிடுவார்கள், சில இடங்களில் மூன்று வகுப்பு ஒன்றாக உட்காரும். ஒரு பக்கம் "அ" எழுதுகிற பிள்ளை, இன்னொரு பக்கம் பத்தி வாசிக்கிற பிள்ளை, நடுவில் ஒரே டீச்சர்.

ஆனால் இதில் ஒரு நன்மையும் உண்டு, அதையும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். ஆறு பிள்ளைகள் இருக்கிற வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையின் கையையும் பிடித்து எழுதச் சொல்லித்தர முடியும். முப்பது பேர் இருக்கிற வகுப்பில் அது நடக்காது. வீட்டில் ஒரு சொல் தமிழ் கேட்காத பிள்ளைகள் என் வகுப்பில் கிரேட் 6 முடிக்கும்போது கடிதம் எழுதியிருக்கிறார்கள். கலப்புக் குடும்பத்துப் பிள்ளைகளும் அதில் உண்டு.


காவடி_காத்ர்போர்ன்

நான் கோவில் கமிட்டியில் இருக்கிறேன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். தைப்பூசத்துக்கு கோர் த கார்ட் மலையடியில் நிற்கிற கூட்டத்தை எல்லாரும் பார்த்திருப்பீர்கள். அத்தனை குடும்பங்களிலும் பள்ளி வயதுப் பிள்ளைகள் இருக்கிறார்கள். எங்கள் மாலை வகுப்புக்கு வருகிறவர்கள் அதில் ஒரு சின்னப் பங்கு. நாங்கள் விரதத்துக்கு, காவடி கட்டுவதற்கு, அன்னதானத்துக்கு எல்லாம் ஆள் வைத்து வேலை பார்க்கிறோம். கிரேட் 1 பதிவு நடக்கிற நாளில் பள்ளி வாசலில் நிற்க ஒரு ஆளை இதுவரை நாங்கள் அனுப்பினதில்லை. மஹேபூர் தங்கை எழுதியதை இந்த ஞாயிற்றுக்கிழமை கமிட்டியில் வாசித்துக் காட்டப் போகிறேன், பெயர் இல்லாமல்தான்.


திரியோலே_தம்பி

அண்ணா, கோவில் ஆட்கள் பள்ளி வாசலில் நிற்பதில் எனக்குப் பயம் இருக்கிறது. நாளைக்கு எல்லா மதத்துக்காரரும் வந்து நின்றால் பதிவு நாள் தேர்தல் நாள் மாதிரி ஆகிவிடும். ஹெட் மாஸ்டரும் விட மாட்டார்.

மஹேபூர் அக்காவுக்கு: நான் எழுதியது உங்களைப் பற்றி இல்லை. வீட்டில் தாத்தா தமிழ் டீச்சராக இருந்தும் பேரனுக்குப் பாடம் எடுக்காத குடும்பங்கள் எனக்குத் தெரியும், அவர்களை நினைத்து எழுதினேன். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.


கரும்பலகை

வாசலில் நிற்க வேண்டியதே இல்லை. அதற்கு ஒரு வருஷம் முன்னால் ப்ரீ-பிரைமரி இருக்கிறதே. 2024லிருந்து ப்ரீ-பிரைமரிக்கும் பெற்றோர் கட்டணம் கட்ட வேண்டியதில்லை, மூன்று நாலு வயதில் ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் எங்காவது ஒரு சின்னப் பள்ளியில் இருக்கிறார்கள். அடுத்த வருஷம் உங்கள் பள்ளிக்கு வரப்போகிற பிள்ளைகள் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். பெற்றோர் பிள்ளையை அழைத்துப் போக வரும் நேரத்தில் ஒரு துண்டுத் தாள் கொடுத்தால் போதும்: பள்ளியில் தமிழ் வகுப்பு உண்டு, டீச்சர் உண்டு, தமிழ் தெரியாத வீட்டுப் பிள்ளையும் சேரலாம், யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. கிரியோலில் எழுதுங்கள், தமிழில் எழுதினால் அந்த அம்மாக்களுக்கு வாசிக்க வராது.


சமுத்திரா

என் மகன் இரண்டாம் வகுப்பில் இருக்கிறான். வகுப்பில் தமிழ் பேசத் தெரிந்த ஒரே பிள்ளை அவன்தான். டீச்சர் அவனை மற்ற பிள்ளைகளோடு ஜோடி சேர்த்து உட்கார வைக்கிறார். ஆரம்பத்தில் என் பிள்ளைக்குப் படிப்பு தாமதமாகுமே என்று கவலைப்பட்டேன். இப்போது அவன் கிரியோலும் சரளமாகப் பேசுகிறான், பக்கத்துப் பிள்ளை "தண்ணி குடு" என்கிறாள். வெளியிலிருந்து வந்தவர்கள் சில பேர் பிள்ளையைத் தனியார் பள்ளிக்கு அனுப்பிவிடுகிறார்கள். நான் அரசுப் பள்ளியிலேயே விட்டதில் எனக்குத் திருப்தி.


மொக்கா_மலர்

ரோஸ்ஹில் அண்ணா, தனியார் பள்ளி விஷயத்தையும் கணக்கோடு பாருங்கள். கட்டணம் கட்டுகிற பிரைமரி பள்ளிகளுக்குப் போகிறவர்கள் உண்மையிலேயே இருக்கிறார்கள், குறிப்பாக இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுகளில். ஆர்சிஏ பள்ளிகள் வேறு, அவை கத்தோலிக்கத் திருச்சபையின் பள்ளிகள், அரசு மானியத்தில் நடப்பவை, கட்டணம் இல்லை, அங்கேயும் எல்லா மதப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். அவற்றைத் தனியார் என்று சேர்த்து எண்ணினால் தனியார் பக்கம் போனவர்கள் அளவுக்கு மேல் தெரிவார்கள். அப்புறம் நாட்டை விட்டே போகிற இளம் குடும்பங்கள், கனடாவுக்கு, ஆஸ்திரேலியாவுக்கு, பிரான்சுக்கு. வெளியிலிருந்து வேலைக்கு வருகிற தொழிலாளர்களில் பெரும்பாலோர் குடும்பத்தோடு வருவதில்லை, அதனால் அவர்கள் வந்தும் பள்ளியில் பிள்ளை கூடுவதில்லை.

கணக்கு வாங்கும்போது ஒரு எச்சரிக்கை. கொரோனா காலத்தில் கல்வியாண்டு தள்ளிப்போய் 2023 ஜனவரியில்தான் பழைய வரிசைக்கு வந்தது. பள்ளிகள் பற்றிய புள்ளிவிவரம் வழக்கமாக மார்ச் மாத நிலவரமாக வரும். நடுவில் அந்த இரண்டு மூன்று வருஷத்தை மட்டும் எடுத்து ஒப்பிட்டால் ஏறினதும் இறங்கினதும் தாறுமாறாகத் தெரியும். முன்னும் பின்னும் சேர்த்துப் பாருங்கள்.


ரோஸ்ஹில்_அப்பா

எல்லாருக்கும் நன்றி. இத்தனை விவரம் கிடைக்கும் என்று நினைக்கவில்லை. ஹெட் மாஸ்டரிடம் கேட்கப் போவதை எழுதிவைத்திருக்கிறேன், சரியா என்று பாருங்கள்.

கடைசி ஆறு ஏழு வருஷத்துக்கு, ஒவ்வொரு கிரேடிலும் மார்ச் மாதத்தில் எத்தனை பிள்ளைகள், அதில் ஒவ்வொரு ஆப்ஷன் மொழிக்கும் எத்தனை, எந்த மொழியும் எடுக்காதவர்கள் எத்தனை. ஒரு பிள்ளைகளின் கூட்டம் கிரேட் 1ல் தமிழில் சேர்ந்து கிரேட் 6க்கு வரும்போது எத்தனை பேர் மிச்சம் என்பதையும் அதிலிருந்தே பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சேரும்போதே குறைகிறதா, நடுவில் விட்டுப்போகிறார்களா என்று தெரிய வேண்டும். பிறகு கேச்மென்ட் எல்லைக்குள் இருந்து வந்தவர்கள் எத்தனை, வெளியிலிருந்து எத்தனை. பெயர் எதுவும் வேண்டாம், எண்ணிக்கை மட்டும். மதமும் கேட்கப் போவதில்லை.


மொக்கா_மலர்

நடுவில் விட்டுப்போகிறார்களா என்ற கேள்வி எனக்குத் தோன்றவே இல்லை, அதுதான் முக்கியமானது. அதைப் பார்க்கும்போது பள்ளி மாறிப் போனவர்களைத் தனியாக வையுங்கள். வீடு மாற்றிக்கொண்டு போன பிள்ளை தமிழை விட்டுவிட்டது என்று எழுதிவிடக் கூடாது. இன்னொன்று, கிரேட் 1ல் தமிழ் எடுத்தவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் அந்த எண்ணைத் தாளில் போட்டுக் கூட்டத்தில் ஒட்டாதீர்கள். யார் பிள்ளை என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும், அந்தப் பெற்றோரிடம் ஆள் ஆளாகப் போய்ப் பேச ஆரம்பித்துவிடுவார்கள். கிரேட் 1ஐயும் 2ஐயும் சேர்த்துப் போடுங்கள்.


கரும்பலகை

மலர் சொல்வது சரி. நடுவில் விடுவது பெரும்பாலும் கிரேட் 4 முடிந்து 5 தொடங்கும்போதுதான். பிஎஸ்ஏசி பயம் வந்துவிடும், பிள்ளைக்கு லெசோன் (தனி ட்யூஷன்) போட்டுவிடுவார்கள், தமிழ் ஆப்ஷன்தானே என்று ஒதுக்கிவிடுவார்கள். என் அனுபவத்தில் கிரேட் 1ல் வராத பிள்ளையைவிட கிரேட் 5ல் போய்விடுகிற பிள்ளைதான் எனக்கு மனக்கஷ்டம் தந்தது. நாலு வருஷம் படித்து, வாசிக்க வந்த பிறகு போகிறது. அந்தப் பெற்றோரைக் கிரேட் 4 கடைசித் தவணையில் டீச்சரே கூப்பிட்டுப் பேசினால் பாதிப் பேர் நிற்பார்கள். நான் பேசி நிற்க வைத்திருக்கிறேன். பிடிஏ இதற்கு ஒரு சாயங்காலம் ஒதுக்கிக் கொடுத்தால் டீச்சருக்குப் பலம். அவர் இரண்டு பள்ளிக்கு ஓடுகிறவர், தனியாக அவரால் முடியாது.


மஹேபூர்_அம்மா

ஒரு கேள்வி ஐயா. என் மகள் இப்போது கிரேட் 3. பள்ளியில் பாடம் மாற்ற நான் விரும்பவில்லை, கிரியோலில் நன்றாகப் படிக்கிறாள், எழுதவும் செய்கிறாள். மாலை வகுப்பில் மட்டும் தமிழ் சேர்த்தால் ஏற்றுக்கொள்வார்களா, அல்லது பள்ளியில் தமிழ் எடுக்கிறவர்களுக்கு மட்டும்தானா?


காவடி_காத்ர்போர்ன்

யாரும் வரலாம் தங்கை, பள்ளியில் என்ன பாடம் என்று நாங்கள் கேட்பதில்லை. உங்கள் பக்கத்தில் எந்தக் கோவிலில் மாலை வகுப்பு நடக்கிறது என்று விசாரித்துத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். மாலை வகுப்புக்கு வருகிற பிள்ளைகளையும் நாங்கள் இனிமேல் வயதுவாரியாக எழுதி வைக்கப் போகிறோம். பள்ளிக் கணக்கில் வராத பிள்ளைகள் எத்தனை பேர் என்று அப்போதுதான் தெரியும்.


திரியோலே_தம்பி

ரோஸ்ஹில் அண்ணா, ஹெட் மாஸ்டருக்கு நீங்கள் எழுதுகிற கடிதத்தை இங்கேயும் போடுங்கள். எங்கள் பிடிஏவில் அதையே கொடுக்கிறேன். இரண்டு பள்ளியும் ஒரே மாதிரி கட்டம் போட்டு வாங்கினால்தான் நகரத்துப் பள்ளியையும் கிராமத்துப் பள்ளியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க முடியும். எங்கள் ஊரில் குறைவு படிவத்தில்தான் என்று நான் சொல்கிறேன், உங்கள் ஊரில் வீடு மாறிப் போனதால் என்று மலர் அக்கா சொல்கிறார். பார்த்துவிடலாம்.


ரோஸ்ஹில்_அப்பா

சரி தம்பி. நாளைக்குச் சாயங்காலம் போடுகிறேன். கிரேட் 4லிருந்து 5க்குப் போகும்போது தமிழை விட்டவர்களுக்கு ஒரு தனி வரி சேர்த்துவிட்டேன், பள்ளி மாறிப் போனவர்களுக்கு இன்னொன்று. கிரியோலில் எழுத வேண்டிய துண்டுத் தாளை மஹேபூர் தங்கை பார்த்துத் திருத்திக் கொடுத்தால் நன்றாக இருக்கும், பதிவு மேசையில் நிற்கிற ஒரு அம்மாவுக்கு என்ன தெரிய வேண்டும் என்று அவருக்குத்தான் சரியாகத் தெரியும்.


மஹேபூர்_அம்மா

அனுப்புங்கள் அண்ணா, செய்கிறேன். டீச்சர் இருக்கிறார் என்பதையும், எந்தெந்த நாளில் வருகிறார் என்பதையும் முதல் வரியிலேயே போடுங்கள்.